தறி ஓடாத பகல்

நான் விலங்கியல் படித்தவள். கல்லூரி ஆய்வகத்தில், அடைகாத்த கோழிமுட்டையின் ஓட்டை மெல்லப் பெயர்த்து, மஞ்சள் கருவின்மேல் சிவப்புப் புள்ளியாகத் துடித்த இதயத்தைப் பார்த்தவள். அப்படிப்பட்ட என்னை, ஆரணியில் ஏழு மாத வயிற்றோடு, சூரிய கிரகணத்துக்காக அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார் என் மாமியார்.

"வெளிய வந்தா கொழந்தைக்கு ஒதடு பிளந்துடும்மா" என்றார்.

உதடெல்லாம் மூன்றாம் மாதத்துக்குள்ளேயே கூடிவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கணவர் காலையிலேயே போளூர் போயிருந்தார். என் செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய புடவையைத் திணித்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் உறைத்தது, குழந்தை வெகுநேரமாக அசையவே இல்லை.

தினமும் அத்தை கூடத்துத் தறியில் உட்கார்ந்ததும் அது உதைக்க ஆரம்பித்துவிடும். காது உருவாகி, கேட்கவும் தொடங்கிவிட்ட பிள்ளை. அதற்குத் தெரிந்த ஊரே அந்தச் சத்தம்தான். இன்று கிரகணம், தறி ஓடவில்லை, அதனால்தான் தூங்குகிறது என்று படித்த புத்தி சொன்னது. பயம் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவள் நான். அதுவும் இப்படித்தான் சத்தமில்லாமல் அடங்கியது.

வயிற்றைத் தட்டினேன், ஒருக்களித்துப் படுத்தேன். ஒன்றுமில்லை. கதவை அறைந்தேன்.

"அத்தை, கொழந்த அசையல. கதவத் தொறங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"தூங்கிகினு இருக்கும்மா. கிரகணம் வுட்டதும் நானே கூட்டிகினு போறேன்."

"அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா?"

மறுபடியும் கதவை அறைந்தேன்.

"தறியயாச்சும் ஓட்டுங்க அத்தை. அந்தச் சத்தத்துக்குத்தான் அது ஒதைக்கும்."

கிரகணத்தில் தறியைத் தொட்டால் தொட்டவர் உயிருக்கு ஆகாது என்று நம்பிய வீடு அது. அத்தை ஒருமுறைகூட மீறியதில்லை. அவர் காலடி கூடத்துப் பக்கம் நகர்ந்தது. பிறகு, "எது வந்தாலும் எனக்கே வரட்டும் சாமி" என்ற முணுமுணுப்பு. அவர் தறிக்குழியில் இறங்குவது கேட்டது. லொடக், லொடக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விலாவுக்குக் கீழே ஓர் உதை. நன்றாக வலித்தது. வாய்விட்டு அழுதேன்.

"ஒதைக்குதா?"

"ஒதைக்குது அத்தை."

கிரகணம் விடும்வரை அவர் நிறுத்தாமல் நெய்தார். தாழ்ப்பாளை மட்டும் திறக்கவில்லை.