நான்காம் முறை கேட்ட குரல்

போன புதன்கிழமை காலை, ஜின்னிங் பேக்டரியில் பருத்தி மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "கோமதிநாயகம் அண்ணாச்சி போயிட்டாவளாம். விடியக்காலம் நெஞ்சுவலியாம்" என்றார். தராசில் இருந்த மூட்டையை இறக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். அது என்ன எடை என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதிநாயகம் அவர்கள் பர்மாக் காட்டில் சண்டையிட்டுத் திரும்பிய காலாட்படைச் சிப்பாய். பிறகு எங்கள் பேக்டரியில் மிஷின் ஓட்டினார். சங்கரன்கோவிலில் பாதிப்பேர் அவரைச் செவிடர் என்றே நினைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எதிரே போய் நின்று முகம் காட்டினால்தான் பேசுவார். காது நன்றாகவே கேட்கும்.

மழை பொய்த்துப் பருத்தியெல்லாம் கருகிய ஒரு வருஷத்தில், அவரும் பனவடலிசத்திரத்துச் சுடலைமுத்துவும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். வயிற்றுப்பாட்டுக்குத்தான் போனார்கள், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. சண்டை முடிந்து இவர் மட்டும் திரும்பினார். குளிர்காய்ச்சல் உடம்பை உருக்கியிருந்தது. சுடலைமுத்துவைக் காணவில்லை என்று மட்டும் அவருடைய தாயார் பேச்சியம்மாளுக்குச் செய்தி வந்திருந்தது. காணாமல் போனவன் வந்துவிடுவான் என்று அந்த அம்மாள் நம்பினார்கள். மகனுக்கு என்று பேசி வைத்திருந்த தன் அண்ணன் மகளை வேறு யாருக்கும் கொடுக்க விடவில்லை.

எங்கள் அண்ணாச்சிக்கு மாமனார் ஊர் வாசுதேவநல்லூர். மலையடிவாரத்தில் நல்ல தோப்பு. அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம் என்று மாமனார் அழைத்தார். இவரோ விருந்துக்குப் போனால்கூட வீட்டைத் தாண்டித் தோப்புப் பக்கம் போக மாட்டார். "பச்சையைக் கண்டு பயப்படுத மருமகன் எனக்குன்னு வாச்சிருக்கான்" என்று மாமனார் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அண்ணாச்சி மனைவி செண்பகம் அம்மாள் சிரித்ததில்லை. மரம் அடர்ந்த இடத்தில் கணவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை அவர் பார்த்திருக்கிறார்.

பேக்டரியில் எல்லோரும் வெளிவேலை கேட்பார்கள். இவர் மிஷின் பக்கத்தை விட்டு நகர மாட்டார். அங்கே இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒருநாள் மத்தியானம் மிஷின் பழுதாகி நின்றது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவன் விளையாட்டாக, "கோமதிநாயகம்" என்று நீட்டிக் கூப்பிட்டான். இவர் திரும்பவில்லை. நம் ஊர்ப் பக்கத்தில் இருட்டில் பெயர் கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டோம் அல்லவா? பேயாக இருந்தால் மூன்று தரத்தோடு நிறுத்திக்கொள்ளும் என்று காத்திருப்போம். "அண்ணாச்சி பட்டப்பகல்லயே பேய்க்குப் பயப்படுதாவ" என்று சிரித்தபடி அவன் மேலும் மேலும் கூப்பிட்டான். நான்காவது தரம் கூப்பிட்டபோது இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு நின்றது.

நான் அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் நிழலில் உட்காரவில்லை, வெயிலில்தான் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மூங்கில் காடு வே. மழைன்னா மழை, கால்ல பூரா அட்டை. பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. ஜப்பான்காரன் நம்ம பேரைக் கேட்டு வச்சிருந்து, ராத்திரி கூப்பிடுவான். பதில் சொன்னா சத்தம் வந்த இடத்தப் பாத்துச் சுடுவான். யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதன்னு எங்களுக்கு ஆர்டர்."

கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"அன்னைக்குச் சுடலைமுத்து காவலுக்குப் போயிட்டுத் திரும்பல. இருட்டுக்குள்ள எம் பேரு கேட்டுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன். பெறவு நாலாவதும் கேட்டுது, நம்மூரு இழுவையோட. பேயும் இல்ல, ஜப்பான்காரனும் இல்ல, அவன்தான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் பதுங்கு குழிக்குள்ளயே கெடந்தேன் வே. விடிஞ்சு பாத்தா, கூப்பிடு தூரத்துலதான் செத்துக் கெடக்கான். மண்ணப் போட்டு மூடிட்டு நடந்துட்டோம். செத்தவன் பேர எழுதிக்கிட ஆபீசரு யாரும் மிச்சமில்ல, அதான் காணலன்னு தாக்கல் போயிருக்கு."

அதைக் கேட்ட எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. அது வந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேச்சியம்மாள் திங்கட்கிழமைதோறும் கோமதியம்மன் கோவிலுக்கு வந்துவிட்டு, பேக்டரி வாசலில் நின்று இவரிடம், "எம் மவனப் பத்தி எதுவும் தெரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். இவர் இல்லையென்று தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். அண்ணன் மகளுக்குக் கேட்டு வந்த நல்ல சம்பந்தம் ஒன்றையும் அந்த அம்மாள் தட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும், "இனி பொறுக்க முடியாது, கூட வாரும்" என்று என்னை அழைத்தார். இருவரும் பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறினோம்.

முற்றத்தில் நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்.

"என்னையக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டான் பெரியம்மா. கடைசியா ஒங்களத்தான் கூப்பிட்டான்."

இது உண்மையா என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

"ஏலே, இனி என் வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்கள். அடுத்த தை மாதத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. பேச்சியம்மாள் திங்கட்கிழமைகளில் வருவது நிற்கவில்லை. பேக்டரிப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போவார்கள். அண்ணாச்சி மிஷினை விட்டு வெளியே வந்து, அவர்கள் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நிற்பார். "எதுக்கு இப்படி நிக்கிறிய?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏசுனாலும் கேட்டுக்கிடலாம்லா" என்றார். அவர்கள் ஏசவில்லை. வருஷங்கள் அப்படியே போயின.

புதன்கிழமை சாயங்காலம், எடுப்பதற்குமுன் வாய்க்கரிசி போட உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தார்கள். பஸ்ஸில் வந்த புழுதி முகத்தில் அப்படியே இருந்தது. "இவிய யாரு? என்ன மொறையில போடுதாவ?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். செண்பகம் அம்மாள் தலையை நிமிர்த்தி, "போடட்டும்" என்றார்.

பேச்சியம்மாள் ஒரு பிடி அரிசியை அவர் வாயில் இட்டார்கள். விலகிப் போகாமல் மறுபடியும் தட்டில் கை வைத்து, இன்னொரு பிடி அள்ளினார்கள். விரலிடுக்கில் அரிசி சிந்தியது. சிந்தியதையும் பொறுக்கிச் சேர்த்து, குனிந்து, அவர் முகத்தருகே சொன்னார்கள்.

"இது எம் புள்ளைக்கு. நான் போடாதது. அங்கன அவனப் பாத்து நீ குடுத்துரு மக்கா."

அண்ணாச்சி, மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.