குகை வாசலில் நின்ற வண்டி

பலவேசம் ஓட்டிய போலீஸ் வண்டிக்கு ஓர் ஊனமும் ஒரு பிடிவாதமும் உண்டு. ஊனம், செல்ஃப் எடுக்காது; முன்னால் இறங்கி நின்று ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். பிடிவாதம், புளியரை தாண்டி மலைக்குள் ரோடு நுழைகிற குகை வாசலுக்கு வந்ததும் எஞ்சின் அணைந்து நின்றுவிடும். ஊனம் வண்டியினுடையது. பிடிவாதம் யாருடையது என்பதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் விசாரணை வரைக்கும் போன விஷயம்.

வண்டி இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து வண்டி. பலவேசமும் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு போலீசுக்கு வந்தவர்தான். பின்னால் இரண்டு பக்கமும் பலகை, மேலே கித்தான் கூரை, மழை பெய்தால் வெளியே நனைவதைவிட உள்ளே கொஞ்சம் கூடுதலாக நனையலாம். ஹேண்டிலைச் சுற்றினால் அது இருமும், செருமும், பிறகு தகரக் கடை சரிந்து விழுந்தது போல ஒரு சத்தத்தோடு கிளம்பும். அந்தச் சத்தம் குகைக்குள் புகுந்து அடுத்த வாசல் வழியாக வெளியே போய்விட்டுத் திரும்பியும் வரும்.

அந்தக் குகை நீளம் என்றால் இருநூறு அடிதான். ஆனால் நடுவில் ஒரு வளைவு. இந்த வாசலில் நின்றால் அந்த வாசல் தெரியாது. ஒரு வண்டி போகிற அகலம். சாரல் காலத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே நடப்பவர்களுக்கு முன்னால் வருகிற வண்டியின் சத்தம் பின்னாலிருந்து வருவது போலக் கேட்கும். பழகாத ஆள் தப்பித்தோம் என்று முன்னால் ஓடி, நேரே வண்டிக்கு எதிரே போய் நிற்பார். அதனால் அந்த ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. லாரியோ பஸ்ஸோ, வாசலில் நிறுத்தி மூன்று தடவை ஹாரன் அடித்து, உள்ளே இருப்பவர்கள் வெளியேற நேரம் கொடுத்துவிட்டுத்தான் நுழையும்.

இந்த வழக்கத்தில்தான் அரிசி வந்து விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த ராஜ்யத்துக்கு, அரிசி கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டதும், விடியலிலும் அந்தியிலும் பொம்பளைகள் தலைச்சுமையாக அரிசி கடத்த ஆரம்பித்தார்கள். ரோந்து வண்டி ஹாரன் அடித்தால் போதும், மூட்டைகளோடு மறு வாசல் வழியாக இறங்கிக் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் இளவயது, நேர்மையான மனுஷன், கஞ்சி போட்ட சட்டை. ஒரு வாரம் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்.

"பலவேசம், இனிமே குகை வாசல்ல ஹாரன் அடிக்கக் கூடாது. நிறுத்தவும் கூடாது. நேரா உள்ள விடணும். புரியுதா?"

"சரி ஐயா."

அருமைநாயகம் சொன்னதில் குற்றம் சொல்ல முடியாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டா கள்ளனைப் பிடிக்கப் போவார்கள்?

அன்று சாயங்காலம் வண்டி குகை வாசலில் அணைந்தது. பலவேசம் நிதானமாக இறங்கி, ஹேண்டிலை எடுத்து, துணியால் துடைத்து, மாட்டிச் சுற்றினார். வண்டி கிளம்பியபோது குகைக்குள் ஈ காக்கை இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இலஞ்சிப் பாலத்தில் நிற்காத வண்டி, குற்றாலத்து ஏற்றத்தில் நிற்காத வண்டி, குகை வாசலில் மட்டும் நிற்பானேன் என்று அருமைநாயகம் யோசித்தார். யோசிக்கத் தெரிந்தவர். பன்னிரண்டாம் நாள் பலவேசத்தின் கையில் மெமோ கொடுத்தார். கடத்தல்காரர்களுக்குத் துப்புக் கொடுக்க வேண்டுமென்றே வண்டியை நிறுத்துவதாகக் குற்றச்சாட்டு. தென்காசியில் விசாரணை.

ஸ்டேஷனில் ஏட்டு நமசிவாயம் பலவேசத்தின் சிநேகிதர். மெமோவை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போடுதீரே! வண்டி பழசு, தானா நின்னு போகுதுன்னு எழுதிக் குடும்வே. வண்டிக்கு வாயா இருக்கு, இல்லைன்னு சொல்ல?"

வீட்டில் மனைவி முத்துவடிவும் அதையே சொன்னாள். அவளுக்குப் பயம். நிறுத்தியது தான்தான் என்று ஒப்புக்கொண்டால் வண்டியைப் பறித்துவிடுவார்கள். ஸ்டியரிங் இல்லாத பலவேசத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்பதுதான் உண்மை. இருபத்தைந்து வருஷம் வேறு எதையும் அவர் ஆசையாகக் கையில் பிடித்ததில்லை. தூக்கத்தில்கூட வலது கால் பிரேக்கைத் தேடும்.

"ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. நீங்க எதுக்கு இப்படி மோட்டு வளையப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"முந்தி ஒரு தடவ அப்படி எழுதிக் குடுத்திருக்கேன், வடிவு" என்றார் பலவேசம்.

ஐம்பத்தொன்பதில் நடந்தது அது. ஓர் அதிகாரியை ரயிலுக்குக் கொண்டுவிட வேண்டும். மேற்கேயிருந்து வருகிறார்கள், நேரமாகிவிட்டது. "நிறுத்தாதே, விடு" என்றார் அதிகாரி. பலவேசம் ஹாரன் அடிக்காமல் குகைக்குள் விட்டார். வளைவில் விறகுச் சுமையோடு ஒருத்தி. பின்னால் சத்தம் கேட்கிறது என்று முன்னால் ஓடிவந்தாள். குற்றாலத்துக்காரி, பெயர் மாரித்தாய். அதே வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது, இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மூன்று தடவை ஹாரன் அடித்ததாகவும், அவள்தான் பக்கம் தவறி வண்டியில் விழுந்ததாகவும் அதிகாரி எழுதினார். கீழே பலவேசம் கையெழுத்துப் போட்டார். அதிகாரி உத்தியோக உயர்வில் எங்கோ போய்விட்டார். பலவேசம் அன்றிலிருந்து குற்றாலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை விடுவதில்லை. மாரித்தாய் அங்கே பழக்கூடை வைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு தெரு சுற்றிப் போவார்.

முத்துவடிவு கொடியில் கிடந்த உடுப்பை எடுத்து மடித்தாள். பிறகு, "நாளைக்குச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை அதிகாரி தலைநரைத்தவர். பலவேசத்தின் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரக்கத்தோடுதான் கேட்டார்.

"வண்டி ரொம்பப் பழசு. தானா நின்னிருக்கும், அப்படித்தானே?"

கதவருகே நின்ற நமசிவாயம் தலையை ஆட்டு ஆட்டு என்று சாடை காட்டினார்.

"இல்ல ஐயா. நான்தான் நிறுத்தினேன். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல."

"கடத்துறவங்களுக்கு உதவியா?"

"அவுகளப் பிடிக்கணும்னா மறு வாசல்ல ரெண்டு பேரை நிறுத்துங்க, ஐயா. நானே கூட நிக்கேன். ஆனா ஆள் இருக்க குகைக்குள்ள சத்தம் குடுக்காம வண்டிய விட மாட்டேன். ஒரு தடவ விட்டுட்டேன்." ஐம்பத்தொன்பதில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். இடையில் எங்கும் நிறுத்தவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இதையும் எழுதணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"எழுதுங்க ஐயா. அன்னைக்கு எழுதினதுல என் கையெழுத்து இருக்கு. இதுலயும் இருக்கட்டும்."

பலவேசத்தை டிரைவர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய கோப்பைத் தேடினார்கள். கிடைத்ததா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் குகையின் மறு வாசலில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள். புது ஜீப் வந்தபோது அருமைநாயகமே புது டிரைவரிடம், "வாசல்ல மூணு தடவ அடிச்சிட்டுப் போ" என்று சொன்னதாக நமசிவாயம் வந்து சொன்னார். பலவேசத்துக்கு அன்று வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது. வண்டியை ஏலத்துக்கு இழுத்துக்கொண்டு போன நாளில் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த சாரலுக்கு அவருக்குக் குற்றாலத்தில் டூட்டி. கையில் ஸ்டியரிங்குக்குப் பதில் லத்தி. எண்ணெய் வழிய அருவிக்கு ஓடுகிற கூட்டத்தை வரிசையில் நிறுத்துகிற வேலை. நடந்து போகிறவனுக்குச் சுற்றுத் தெரு ஏது? முதல் நாள் டூட்டி முடிந்த மதியமே, நனைந்த உடுப்போடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மங்குஸ்தான் கூடைக்குப் பின்னால் மாரித்தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கக்கத்துக் கட்டை.

"அய்யாவுக்கு எத்தன வேணும்?"

"பழம் வேண்டாம், அக்கா. அன்னைக்குக் குகையில வண்டி ஓட்டினது நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போனது போச்சு. ஒம்மச் சொல்லிக் குத்தமில்ல. நீரு மூணு தடவ ஆரன் அடிச்சீராம். நான்தான் கேக்காம, பக்கம் தப்பி வந்து விழுந்தேன்."

அந்தப் பொய் ஒரு கோப்புக்குள் கிடக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் பலவேசம் நினைத்திருந்தார்.

"நான் அடிக்கல, அக்கா. ஒரு தடவகூட அடிக்கல. அடிச்சதாக் கையெழுத்துப் போட்டேன்."

அவள் கையில் இருந்த பழம் நசுங்கிச் சிவப்புச் சாறு விரலில் வழிந்தது. முகம் கோணியது. அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை.

"ஏழு வருசம்" என்றாள். "கூறுகெட்டவ, காது செத்தவ, ஆரன் சத்தம் கேட்டும் வண்டியில போய் விழுந்தவன்னு ஏழு வருசமா எம் புருசன் சொல்லுதான். தெருவே சொல்லுது. நானும் அப்படித்தானே நெனச்சேன்!"

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அக்கா. செய்யுதேன்."

"எனக்கு ஒண்ணும் செய்யாண்டாம். வந்து சொல்லும். இந்த உடுப்போட வந்து சொல்லும். வீட்டுக்குள்ள வந்து குசுகுசுன்னு சொல்லக் கூடாது. தெருவுல நின்னு சொல்லணும்."

"இப்பவே வாரேன்."

கூடையை அவர் தூக்கிக்கொண்டார். அவள் கட்டையை ஊன்றி எழுந்தாள். சாரலில், அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே போனார். தெருமுனை வந்ததும் அவள் ஓர் ஓட்டு வீட்டைக் காட்டி, புருஷன் பெயர் சொரிமுத்து என்றாள். பலவேசம் கூடையை இறக்கி வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தெருவின் நடுவில் நின்று, "சொரிமுத்து அண்ணாச்சி!" என்று மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். பிறகு எல்லாக் கதவுகளும் திறக்கும்வரை காத்திருந்தார்.