ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஹந்தானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் பிழைத்தவர்களில் பாதிப் பேர் ஜெயராஜின் வாயால் பிழைத்தவர்கள். கண்டி டவுனில் ஓர் இரும்புக்கடையில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கியதில் அவருக்கு முதுகு போனது, சிங்களம் வந்தது. அதுவும் அரைகுறையாக இல்லை, தண்ணி பட்ட பாடாக வந்தது. பொலிசுக்குப் போக வேண்டுமா, பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையா, கிளினிக்கில் டொக்டர் சொல்வது விளங்கவில்லையா, லயத்து ஜனம் ஜெயராஜின் கதவைத்தான் தட்டும். மனுஷன் முகம் சுளிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் மொழிபெயர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. யாரும் யாரிடமும் ஏச்சு வாங்கக் கூடாது, அவ்வளவுதான். “இந்த ஆள் இன்னும் சாராயத்த விடல்லையா?” என்று டொக்டர் சிங்களத்தில் எரிந்து விழுந்தால், “ஒடம்ப நல்லா பாத்துக்கச் சொல்றாரு” என்று அது தமிழில் வந்து இறங்கும். “இவனுக்கு என்னா தெரியும்” என்று நோயாளி முணுமுணுத்தால், “ரொம்ப நன்றி ஐயா” என்று சிங்களத்தில் போய் ஏறும். பூசி மெழுகுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. இரண்டு பக்கமும் சிரித்த முகத்தோடு பிரிந்து போகும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவருடைய மனைவி கஜலட்சுமிக்குச் சிங்களத்தில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. பதினேழு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள், ஐம்பத்து மூன்றிலும் இறக்கவில்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பத்து வருஷமாக இருந்தது. போன வருஷம் வலது கால் பெருவிரல் கறுத்துப்போனது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தொடையிலிருந்து ஒரு ரத்த நாளத்தை எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புது வழி போட்டுத் தைத்தார்கள். கால் தப்பியது. பெருவிரல் மட்டும் போனது, சனியன் ஒழிந்தது என்று அவளே சொன்னாள்.

வீட்டுக்கு விடும்போது பெரிய டொக்டர் இரண்டு தடவை சொன்னார். ஜெயராஜ் அதைப் பூசாமல் மெழுகாமல் அப்படியே மனைவியிடம் சொன்னார்.

“லெச்சுமி, கேட்டுக்க. இது ரத்தத்த எளக்குற மாத்திர. புதுசா போட்ட வழியில ரத்தம் கட்டாம இதுதான் பாத்துக்கும். தெனமும் குடிக்கணும், ஒரு நா விட்டாலும் காலுக்கு ஆபத்து. காயம் பட்டா லேசுல நிக்காதாம், அதனால கொழுந்தெடுக்க மலைக்கும் போகக் கூடாதாம்.”

மாத்திரை சரி. மலைக்குப் போகாமல் எப்படி? மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு, வேலைக்கு வராதவர்களின் பெயரைத் தோட்டத்துப் பதிவில் வெட்டப் போகிறார்கள், பெயர் போனால் குடியிருக்கும் காம்பராவையும் திருப்பிக் கேட்பார்கள் என்று ஒரு பேச்சு லயத்தில் அடிபட்டது. உண்மையோ பொய்யோ, யார் கண்டது? முப்பத்தாறு வருஷம் குடியிருந்த காம்பரா. அடுத்த திங்கட்கிழமை காலையில் கஜலட்சுமி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலை ஏறினாள்.

மழைக்காலத்தில் ஹந்தானைத் தேயிலைக்குள் அட்டைக்கா பஞ்சம்? சவர்க்காரம் மழையில் கரைந்ததும் அவை ஏறிவிட்டன. விரல் வெட்டிய காலில் உணர்ச்சி குறைவு, கடித்ததே அவளுக்குத் தெரியவில்லை. மற்றப் பெண்களுக்கு அட்டை கடித்த இடம் சுண்ணாம்பு வைத்தால் நின்றுவிடும். இவளுக்கு நிற்கவில்லை. பத்து மணிக்குக் கடித்தது மூன்று மணிக்கும் ஒழுகியது. படங்கு நனைந்து, செருப்புக்குள் ரத்தம் சொதசொதத்தது. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தபோது ஜெயராஜ் வாசலில் நின்றார். ஐயோ, அவருக்கு உயிரே இல்லை.

“என்னா புள்ள இது! ஒடம்புல ரத்தம் மிஞ்சுமா?”

“அட்டதாங்க. மாத்திர வேல செய்யுதுபோல.” அவள் சிரிக்கப் பார்த்தாள்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அதை டொக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஜெயராஜுக்கு அந்த ரத்தத்தைப் பார்க்கும் தெம்பு இல்லை. டொக்டரிடம் போய்க் கேட்கலாம்தான். கேட்டால் மலைக்குப் போனது தெரிந்துவிடும், ஏச்சு விழும். யாரும் ஏச்சு வாங்கக் கூடாது என்பதல்லவா அவருடைய சட்டம்? ஆகவே அவரே டொக்டர் ஆனார்.

“மலைக்கு போற நாளுல குடிக்காத. ஞாயித்துக்கெழம வீட்டுலதானே இருக்கே, அன்னைக்கு குடி.”

“காலுக்கு ஒன்னும் ஆகாதுங்களா?”

“நாந்தான் சொல்றேன்ல.”

முதல் வாரம் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது வாரத்தில் அட்டைக் கடி சீக்கிரம் காய்ந்தது. பார்த்தியா என்றார் ஜெயராஜ். அவளும் தலையாட்டினாள். அவர் சொல்லி இதுவரை எது பிழையாய்ப் போனது?

நான்காம் மாதக் கிளினிக்கில் காலை ஸ்கேன் செய்து பார்த்த டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். புது வழி ஒடுங்கத் தொடங்கியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். ஜெயராஜ் கண்ணிமைக்கவில்லை.

“ஒவ் மஹத்தயா. ஹெமதாம.”

தினமும் என்று அர்த்தம். கஜலட்சுமிக்குத் தெரிந்த நாலு வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சிலருடைய உடம்பில் இந்த மருந்து சரியாகப் பிடிப்பதில்லை, அளவைக் கூட்டிப் பார்ப்போம் என்று டொக்டர் ஒன்றை இரண்டாக எழுதினார். வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இரண்டாகக் குடித்தாள். மாத்திரை பிடிக்கவில்லையாம்! வயிற்றுக்குள் போகாத மாத்திரை எங்கே போய்ப் பிடிக்கும்?

கிளினிக்குப் போய்வந்த ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், கால் வலிக்கிறது என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் காம்பரா சுதேஷும் ஓடி வந்தான். ஜெயராஜ் காலைத் தொட்டார். ஆற்றுக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. அம்புலன்ஸ் லயம்வரை ஏறாது. கதிரையில் உட்காரவைத்து, இருவரும் ரோட்டுக்குத் தூக்கிப்போனார்கள். புது வழி முழுக்க ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். திறந்து பார்த்தார்கள், முடியவில்லை. மறுநாள் முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள்.

நாலாம் நாள் வார்டுக்கு ஓர் இளம் டொக்டர் வந்தாள். ஹபீலா என்று பெயர், தமிழ் பேசுகிற பிள்ளை. கட்டில் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு கஜலட்சுமியிடமே பேசினாள்.

“அம்மா, இடது கால்லயும் அடைப்பு தொடங்கி ஈக்கிது. இந்த மருந்து உங்களுக்கு வேல செய்றல்லண்டு கிளினிக் கொப்பில எழுதி ஈக்காங்க. அதனால வேறொண்டுக்கு மாத்தப் போறாங்க. அது பலமான மருந்து, பிசகினா மூளையில ரத்தம் கசியவும் ஏலும். அதுதான் கேக்குறன். பழைய மாத்திரைய ஒரு நாள் சரி குடிக்காம விட்டீங்களா?”

பழக்கம் முந்திக்கொண்டது. “இல்ல டொக்டர், தெனமும் குடிச்சா” என்றார் ஜெயராஜ். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. ஒரு கால் போய்விட்டது, மற்றக் காலையும் இந்த வாயே தின்னப் பார்க்கிறது. மாற்றிச் சொல்ல வேண்டும் என்று நாக்கைப் புரட்டினார். வரவில்லை.

“இல்லம்மா” என்றாள் கஜலட்சுமி. “ஞாயித்துக்கெழம மட்டுந்தான் குடிச்சேன். மலையில அட்ட கடிச்சா ரத்தம் நிக்கல. பயந்துகிட்டு நாந்தான் விட்டேன். அவருக்கு தெரியாது.”

ஹபீலா பேனாவை மூடினாள். பிறகு ஏசினாள். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல், கேட்டபோது உண்மையையும் சொல்லாமல், இப்படித் தன் காலைத் தானே தின்பார்களா என்று ஏசினாள். அவ்வளவும் நியாயமான ஏச்சு. ஒவ்வொரு சொல்லும் ஜெயராஜுக்கு உரியது. கஜலட்சுமி போர்வையைப் பார்த்தபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். லயத்துக்கே பேசிய வாய் பக்கத்தில் நின்றது. நாந்தான் என்று ஒரு சொல், அதுவும் தமிழில், அதற்கு வக்கில்லை அந்த வாய்க்கு.

மருந்தை மாற்றவில்லை. அதையே தினமும் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் திங்கட்கிழமை, விடியும்போதே மழை. வாசலைத் தாண்டிப் பெண்கள் கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெயராஜ் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாகக் கட்டிலருகே வந்தார். இரவு முழுக்கத் தனக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

“லெச்சுமி, அன்னைக்கு டொக்டர்கிட்ட…”

அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க. இனிமே எனக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதானே.”