காய் பொறுக்கும் சேலை

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிப்பது என் வேலை. வேலை முடிந்தால் சேலையெல்லாம் அந்த வாசம்தான். பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால் கூச்சப்பட்டு முந்தானையை ஒடுக்கிக்கொள்வேன்.

திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன மகள் ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்தாள். டவுனில் பழகியவள் முகம் சுளிப்பாளோ என்று பயந்தேன். வாசனை மருந்து ஊற்றித் தரையைத் துடைத்தேன். பவுடரும் சென்டும் பூசிக்கொண்டேன். வேலைச் சேலையைச் சுருட்டிக் கொல்லையில் போட்டேன்.

உள்ளே வந்தவள் விடாமல் தும்மினாள். கண் சிவந்துவிட்டது.

"என்னத்தம்மா கொட்டி வச்சிருக்க? அங்கதான் நாளெல்லாம் சாய நெடியில நிக்கிறேன். இங்கயும் இப்படின்னா ராத்திரி பஸ்சுக்கே போயிர்றேன்."

"கோவிச்சுக்காத ஆத்தா. ஏலக்கா வாடை ஒனக்கு ஆகாதோன்னுதான்..."

"அதுக்குத்தான வந்தேன். ஒன் சோலிச் சேலை எங்க?"

அவளே தேடி எடுத்து வந்தாள். நான் கதவு, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, பாசிப்பயறு மாவு தேய்த்து முகம் கழுவிவிட்டு வந்தேன். சின்ன வயதில் என் முந்தானைக்குள் தூங்குவாளே, அதேபோல அந்தச் சேலையில் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் முந்தானையை ஒடுக்குவதில்லை.