கிராணியின் வாய்

லாபு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, ஆட்டத்தில் பந்தைப் பார்க்கமாட்டார். ஓடுகிறவன் காலைத்தான் முறைப்பார். ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில், மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாங்கள் ஆடிய ஹாக்கியில் கோல்களெல்லாம் நான் அடித்தவை. ஹாக்கியை வைத்தே பிழைத்துவிடலாம் என்ற திமிர் எனக்கு.

“நிக்கவே தெம்பில்லாத கோல் கீப்பரை ஏமாத்துறதெல்லாம் ஆட்டமா? இந்தக் கால் ஒரு மாசம் தாங்காது லா!” என்று எல்லோர் முன்னிலும் காறித் துப்பினார்.

போனவர்கள் பெரும்பாலும் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரனிடமும் என் காலைக் காட்டி அதையே சொன்னார். என்னை விட்டுவிட்டான்.

கும்பிடப் போனேன். “ஐயா, காப்பாத்திட்டீங்க.”

“உன்னைக் காப்பாத்தவா சொன்னேன்? நெசத்தைச் சொன்னேன். போடா!”

அந்த வாயை நான் திட்டாத நாளில்லை. திட்டுவதற்கு நான் மிஞ்சியிருப்பதே அந்த வாயால்தான்.