கணவாய்க் கூடை

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஏழு வயது. மதுரையில் வைத்தியம். காப்பீட்டு அட்டை படுக்கைக்கும் பெரும்பாலான மருந்துக்கும் ஆனது. ஆஸ்பத்திரியில் இல்லாத ஊசி, பஸ், சாப்பாடு, என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகாமல் கூட நின்ற நாட்கள், இதற்கெல்லாம் எந்த அட்டையும் இல்லை. தாலிச் சங்கிலி முதல் மாதமே போனது.

திரேஸ்புரத்தில் எங்களுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் இருந்தது. வள்ளம் எங்களுடையது, மீன் எங்களுடையதில்லை. எஞ்சின் வாங்க முன்பணம் தந்த கமிஷன்காரரின் ஏலத்தில்தான் மீனைக் கொட்ட வேண்டும். அவர் சொன்னதுதான் விலை, அவர் தரும்போதுதான் காசு. கரையில் யாரும் இதை மீறுவதில்லை. நான் மீறினேன்.

திங்கட்கிழமை ஊசி. தள்ளிப்போட்டால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை வலை நிறையக் கணவாய். கமிஷன்காரரிடம் கொட்டினால் பழைய பாக்கியில் கழித்துவிடுவார். ஒரு கூடையைச் சேலையால் மூடிக் கொண்டுபோய், மீன் எடுக்க வரும் ஏற்றுமதிக் கம்பெனி வண்டிக்காரரிடம் ரொக்கத்துக்கு விற்றேன். அந்தக் காசும் ஊசிக்கு முழுசாகக் காணவில்லை.

நான் கரைக்குத் திரும்புவதற்குள் சேதி போய்விட்டது. கமிஷன்காரர் இரண்டு ஆட்களோடு எங்கள் வள்ளத்தருகே நின்றார்.

"ஏலே, எஞ்சினக் கழத்துங்கலே."

வீட்டுக்காரர் குறுக்கே போய், "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஊசி போடணும்" என்று கும்பிட்டார். ஒருவன் அவர் வயிற்றில் உதைத்தான். மண்ணில் சுருண்டவரை மறுபடி உதைத்தான். சுற்றிலும் அத்தனை பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் எஞ்சினிலும் கமிஷன்காரர் பணம். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. நாசமாய்ப் போக.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. துடுப்பை எடுத்து உதைத்தவன் மண்டையில் போட்டேன். ரத்தம் என் மேல் தெறித்தது. அவன் விழுந்த பிறகும் அடித்தேன். பல் உடைகிற சத்தம் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், அது எனக்குப் பிடித்திருந்தது. நோயையும் கடனையும் கடவுளையும் அடிக்க முடியாமல் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்த அடி அது.

கமிஷன்காரர் பதறவில்லை. "ஏளா, ஜெயிலுக்குப் போறியா, வள்ளத்த எழுதித் தாரியா?"

நான் உள்ளே போய்விட்டால் மகளோடு ஆஸ்பத்திரியில் யார் இருப்பது? பாதி விலைக்கு எழுதிக் கொடுத்தோம். பழைய பாக்கியையும் மண்டை உடைந்தவன் வைத்தியத்தையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார். ஊசிக்குக் காணும். வாயைப் பொத்திக்கொண்டு வாங்கினேன்.

வீட்டுக்குப் போனால் மகள் விழித்துக் கிடந்தாள். அவள் அப்பா எனக்கு முந்தியே வந்து வள்ளம் போனதைச் சொல்லி அழுதிருந்தார். மொட்டைத் தலையைத் தூக்கி என் சேலையைப் பார்த்தவள் மிரண்டுபோனாள்.

"அம்மா, ஒனக்கும் ரத்தத்துலயா நோவு?"

ரத்தக் கறை தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுருட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வள்ளத்த என் ஊசிக்கு வித்தாச்சே. ஒன் ஊசிக்கு எத விப்போம்?"