டிரைவர்கள் இல்லாத பட்டியல்

டெல்லியில் யார் உட்கார்ந்தால் நமக்கென்ன என்று ஓட்டுப் போடாமல் கடலுக்குப் போனவன் நான். அதே தேர்தலின் முடிவுக்காக இலங்கைச் சிறையில் சாமி கும்பிட்டேன்.

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினம். அன்று விசைப்படகை ஓட்டியது நான். அண்ணன் மற்ற ஆட்களோடு பின்னால் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜி.பி.எஸ்.ஸில் எல்லைக்கோடு நன்றாகவே தெரிந்தது. தெரியாமல் போனேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். மீன் நன்றாகப் பட்டது, இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கலாம் என்று போனேன். இலங்கை நேவி வளைத்துக்கொண்டது.

பிடிபட்டால் மற்ற ஆட்களைச் சீக்கிரம் விடுவார்கள், டிரைவரை விடமாட்டார்கள் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். "யார் டிரைவர்?" என்று நேவிக்காரர் கேட்டபோது, நான் எழுந்திருப்பதற்குள் அண்ணன் கையைத் தூக்கிவிட்டான்.

சிறையில் என் காதோரம் சொன்னான். "ஒனக்கு ஆவணியில கல்யாணம். அப்பா வேற படுக்கையில கெடக்குறாங்க. நீயாச்சும் போய்ச் சேரு."

டெல்லியில் ஒருவர் புதிதாகப் பதவியேற்றால், நல்லெண்ணம் என்று சொல்லி இலங்கை அரசு சில மீனவர்களை விடுவதுண்டு. அதனால் சிறையில் நாங்கள் அத்தனை பேரும் அரசியல் நிபுணர்களானோம். எந்தக் கட்சி ஜெயித்தாலும் சரி, யாராவது ஒருவர் சீக்கிரம் பதவியேற்றுத் தொலைக்கட்டும் என்று கிடந்தோம். ஒருவர் ஏற்றார். பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. டிரைவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

அண்ணன் என் சட்டைக் காலரைச் சரிசெய்தான். "ஊருல யார்ட்டயும் வாயத் தொறக்காத. அப்பாட்ட மட்டும் நெசத்தச் சொல்லிரு," என்றான். அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஊரில் எனக்குச் சால்வை போட்டார்கள். டெல்லிக்கு நன்றி என்று பேனர்கூட வைத்திருந்தார்கள். எரிச்சலாக வந்தது.

அப்பாவும் டிரைவராக இருந்தவர். ஒரு தடவைகூடப் பிடிபட்டதில்லை என்பதில் அவருக்குத் தலைக்கனமே உண்டு. கட்டிலில் கிடந்தபடி என்னிடம் முதலில் கேட்டார்.

"யாருடா ஓட்டுனது?"

"அண்ணன்தாம்ப்பா."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரை தெரியவில்லை.

"கோட்டப் பாக்காமயா போனான்? மூத்தவன்னு நம்பிப் படகக் குடுத்தேன். நம்பி வந்த ஆளுகளயும் சேத்து மாட்டிவிட்டுட்டானே, அறிவுகெட்ட பய," என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். அந்தத் திட்டு என்மேல் விழுமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த வாரமே அப்பா போய்விட்டார். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். பாசக்காரப் பிள்ளை என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

காரியம் முடிந்த பிறகு சிறையிலிருந்து போன் வந்தது. அண்ணன் வெகுநேரம் அழுதான். பிறகு கேட்டான்.

"அப்பாட்ட நெசத்தச் சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேண்ணே."

"அப்பச் சரி. எம்மேல கோவத்தோட போயிருந்தாங்கன்னா நான் தாங்கியிருக்க மாட்டேன்டா," என்றான்.